பதினொரு துண்டுப் பெயர்

அன்று காலை ஓய்வுக் கொட்டிலில் இருந்தவர்கள் ஐந்து பேர். எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான தவம் அண்ணை, அம்புலன்ஸ் ஓட்டுகிற ரியாஸ் நானா, முதலுதவிப் பெட்டியைத் தலையணைபோலக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கும் கலா, குச்சிகளுக்குச் சிவப்புப் பெயின்ற் பூசிக்கொண்டிருந்த மலர், பிறகு நான். மற்றவர்கள் அடுத்த கொட்டிலில் தேத்தண்ணி குடித்தார்கள். கண்ணிவெடி அகற்றுகிற வேலையில் எட்டு வருடம் இருந்தவள் நான். உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர் என்று பலகையில் எழுதாமல் அங்கே ஒரு நாளும் தொடங்காது. அந்தப் பழக்கத்தில், ஒரு நினைவுக்குள் போவதென்றாலும் முதலில் ஆட்களை எண்ணிவிட்டுத்தான் போகிறேன்.

இதை நேற்றுக் கிளறிவிட்டவள் என் மகள். பத்தாம் வகுப்பு. பின்னேரம் நான் குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டு நிற்க, வாசலில் கதிரையைப் போட்டு இருந்து ஆங்கிலம் படித்தாள். கொப்பியில் ஒரு சொல்லை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எழுதி, அதைச் சிவப்புப் பேனையால் அங்கங்கே வெட்டி, வெட்டுக்கு ஒருதரம் கை தட்டினாள்.

“அம்மா, எவ்வளவு நீளச் சொல்லெண்டாலும் பயப்பிடக் கூடாதாம். துண்டு துண்டா வெட்டி, துண்டுக்கு ஒரு தட்டு. ஸிலபிள் எண்டு சொல்லுறது.”

“தெரியும்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் எட்டாம் வகுப்போட விட்டனீங்களெல்லோ.”

உண்மைதான். எட்டாம் வகுப்பு முடியவில்லை. இடம்பெயர்ந்தோம், திரும்ப இடம்பெயர்ந்தோம், மூன்றாவது ஊரில் பள்ளிக்கூடம் ஒரு மரத்துக்குக் கீழே நடந்தது. மரத்தில் கொப்பு முறிந்து விழுமோ என்று எனக்குப் பயம். சிரிக்காதீர்கள். செல் விழுகிற காலத்தில் கொப்புக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்ட ஒரே பிள்ளை நானாகத்தான் இருப்பேன். அப்படியான ஒருத்தி வளர்ந்து கண்ணிவெடி எடுக்கப் போனாள் என்பது எங்கள் வீட்டில் இன்றைக்கும் பகிடி. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. பயந்தவளுக்கு ஏற்ற வேலை அது. ஒவ்வொரு சாணுக்கும் ஒரு விதி. எங்கே முழங்கால் ஊன்றலாம், எங்கே கூடாது என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். வாழ்க்கையில் வேறெங்கேயும் எனக்கு அப்படி ஒருவரும் எழுதித் தரவில்லை.

பருப்புக் கருகிவிட்டது. மகள் மூக்கைச் சுளித்தாள். எனக்கோ அந்தக் கருகல் வாடைக்குள் வேறொரு வாடை வந்தது. வெயிலில் சூடேறிய முகக் கவசத்தின் பிளாஸ்டிக் வாடையும் சிவப்புப் பெயின்ற் வாடையும்.

அப்போது நாங்கள் உடையார்கட்டுப் பக்கம் ஒரு தென்னங்காணியில் வேலை செய்தோம். தலையில்லாத தென்னைகள். ஒரு மீற்றர் அகலமான பாதையாக நிலத்தை வகிர்ந்து, முன்னால் ஒரு தடியைக் குறுக்கே வைத்து, அந்தத் தடிக்கு அங்காலே உள்ள மண்ணை மெதுவாக வாரிப் பார்ப்போம். பார்த்து முடிந்த இடத்தில் சிவப்புத் தலைக் குச்சி. அடுத்த குச்சி. ஐம்பது நிமிடம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு. தவம் அண்ணை விசில் ஊதுவார். கோடு தவறினால், மனம் ஒருமாதிரி இருந்தால், எதில் விட்டோம் என்று சந்தேகம் வந்தால் ஒரே விதிதான்: நில், பின்னால் வா, தெரிந்த குச்சியிலிருந்து திரும்பத் தொடங்கு.

இந்த விதியை நான் மண்ணுக்கு மட்டும் வைத்திருந்திருக்கலாம்.

வெளிநாட்டுக்காரர் காணி பார்க்க வருவார்கள். வந்தால் உள்ளே விடுமுன் ஆங்கிலத்தில் பாதுகாப்பு விளக்கம் சொல்லவேண்டும். எழுத்து வாசிப்பு ஓரளவு தெளிவு என்று என் தலையில் அதைக் கட்டினார் தவம் அண்ணை. மாட்டேன் என்று சொல்லப் பயந்து ஓம் என்றேன். ஒரு பக்கம் முழுக்கத் தமிழ் எழுத்தில் ஆங்கிலம். ‘ஃப்ராக்மன்டேஷன்’, ‘கொன்டாமினேஷன்’, ‘ஐடென்டிஃபிகேஷன்’. ஒன்றும் வாயில் நிற்கவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். கொட்டிலுக்குப் பின்னால் மண்ணைத் தட்டிச் சமனாக்கி, சொல்லை விரலால் எழுதி, மூச்சு நிற்கிற இடமெல்லாம் ஒரு குச்சி குத்தினேன். ஃப்ராக், குச்சி. மன், குச்சி. டே, குச்சி. ஷன். குச்சிக்குக் குச்சி முழங்காலில் நகர்ந்து சொல்லிப் பழகினேன். பிழைத்தால் திரும்ப முதற்குச்சி. ஒரு கிழமையில், ஏழே நாளில், அந்தப் பக்கம் முழுவதும் பாடமாகிவிட்டது.

ஒருமுறை வந்த வெள்ளைக்காரப் பெண் விளக்கம் கேட்டுச் சந்தோசப்பட்டு, நடுவில் என்னிடம் ஏதோ கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சந்தேகம் வந்தால் முதற்குச்சி. ‘குட் மோர்னிங், வெல்கம்’ என்று திரும்பத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். அவள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கலா ஒரு மாதம் எனக்குக் குட்மோர்னிங் சொல்லியே கொன்றாள்.

“குட் மோர்னிங் அக்கா, சோறு போடவோ? குட் மோர்னிங் அக்கா, அங்கால அரக்கி இருங்கோ.”

மலர் இதற்குச் சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். இருமினால் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

மலரின் தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து உருத்திரபுரத்தில் வயல் வேலைக்கு நின்றவர்கள். மலர் வன்னியில் பிறந்தவள். எங்களைப்போல ஓம் என்றுதான் சொல்லுவாள். மூச்சு வாங்குகிறபோது மட்டும் அது தவறி, வீட்டு வழக்கத்தில் ‘ஆமா’ வரும். ‘ஆமா’ கேட்டால் நான் வேலையை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்ப்பேன். அந்த வருடம் ஆமாக்கள் கூடிப்போயின. ஒருநாள் வாரிக்கொண்டிருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள். வெடி இல்லை, ஒன்றுமில்லை. நுரையீரல் ஒன்று தானாகவே சுருங்கிவிட்டதாம். வவுனியா ஆஸ்பத்திரியில் விலாவில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். திரும்பி வந்தவளைத் தவம் அண்ணை பாதையில் இறக்கவில்லை. குச்சிக்குப் பெயின்ற் பூசுகிற வேலை கொடுத்துக் கொட்டிலில் வைத்துக்கொண்டார். சம்பளம் குறையாமல் பார்த்துக்கொண்டார். அவளுக்கு வீட்டில் ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, கூலிக்குப் போகிற புருசன் ஒருவன்.

மலருக்கு வந்தது எங்கோ ஒருத்திக்கு அருமையாக வருகிற நுரையீரல் வருத்தம் என்றும், கொழும்பில் அதற்கென்று பார்க்கிற ஒரு பெரிய வைத்தியரிடம் போகவேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தக் கிளினிக்குக்கு நாள் எடுப்பதென்றால் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் தொலைபேசியில் எடுக்கவேண்டும். நோயாளியின் பெயர், ஊர், வருத்தத்தின் பெயர் மூன்றையும் சொன்னால் தேதி தருவார்கள். அங்கே தமிழ் இல்லை. ஒரு தாதி வருத்தத்தின் பெயரை ஆறுதலாகச் சொல்ல, மலர் மகளின் கொப்பிப் பேப்பரில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். இங்கிலீசில் எழுதின பைல் வீட்டு அலுமாரியில். மழைக் காலம், நனைந்துவிடும் என்று அதைக் கொண்டுவராதே என்று சொன்னதும் நான்தான்.

லிம்ஃபான்ஜியோலையோமையோமடோசிஸ்.

இதை மலர் வாசிக்கத் தொடங்கினாள். பாதிக்குள் மூச்சு முடிந்தது. இருமல் வந்தது. அந்த வருத்தத்தின் பெயரை ஒரு மூச்சில் சொல்ல அந்த வருத்தக்காரிக்கு மூச்சு இல்லை. கலா கூட அன்றைக்குப் பகிடி விடவில்லை.

“அக்கா இருக்கிறாவெல்லோ, குட் மோர்னிங் ஸ்பெசலிஸ்ற்” என்றார் தவம் அண்ணை. “ஐஞ்சு நாள் கிடக்கு. பாடமாக்கட்டும்.”

நான் மறுபடி மண்ணைத் தட்டினேன். மலர் பூசிய குச்சிகள், பெயின்ற் காயாதவை. லிம், ஃபான், ஜி, ஓ, லை, ஓ, மை, ஓ, ம, டோ, சிஸ். பதினொரு துண்டு. பன்னிரண்டாவது இருக்குமோ என்று மூன்றுமுறை எண்ணினேன். கரைச்சல் எங்கே என்றால் நடுவில் மூன்று ‘ஓ’. ஒரே மாதிரித் தலையோடு மூன்று குச்சி. ஓ என்று வாய் சொல்லியவுடன் இது முதலாவதா, இரண்டாவதா, அடுத்து லையா, மையா, மவா என்று நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். தொடங்கினால் முதற்குச்சி. வீட்டில் உலை வைக்கும்போது சொன்னேன், பஸ்சில் சொன்னேன், வற்றாப்பளை அம்மனுக்கு இந்தமுறை பொங்கலுக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை பத்துக்கு ஏழு சரி. திங்கட்கிழமை பத்துக்கு ஒன்பது. அந்த ஒரு பிழையை நினைத்து இரவு நித்திரையில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது இருபதுக்கு விசில். பத்து நிமிடம். பாதைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாப் போனும் கொட்டிலில் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் கிடக்கும். ரியாஸ் நானா தன் போனை எடுத்தார். பட்டன் போன், அதில் படமெடுத்து அனுப்புகிற கதையெல்லாம் இல்லை. சின்ன வயதில் முல்லைத்தீவிலிருந்து புத்தளத்துக்குப் போக வைக்கப்பட்டு, அங்கே அகதி முகாமில் வளர்ந்து, பெரியாளாகித் திரும்பி வந்தவர். சிங்களம் நன்றாக வரும். அவர் ஊர் பேரெல்லாம் சொல்லுவார், வருத்தத்தின் பெயர் வருகிறபோது போன் என் கைக்கு வரும். அதுதான் ஏற்பாடு.

மூன்றாவது தடவையில் மணி போனது. ரியாஸ் நானா எழுந்து நின்று கதைத்தார். சிரித்துக் கதைத்தார், ஏதோ சொந்தக்காரரோடு கதைப்பதுபோல. பிறகு போனைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

“நல்ல மனுசியாத்தான் இருக்கிறா. இந்த மாசத்துக்கு இன்னும் ரெண்டு இடம் இருக்காம், மூண்டு கிழமையில. இந்தா தங்கச்சி, பேரைச் சொல்லு.”

மலர் பெயின்ற் தூரிகையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

லிம், ஃபான், ஜி, ஓ, லை, ஓ. அதோடு நின்றது. எந்த ஓ? நான் திரும்ப லிம்மிலிருந்து தொடங்கினேன். அங்காலே அந்த அம்மா ஏதோ சொன்னா. அவ குரல் குறுக்கே வந்ததில் இன்னும் குழம்பி, திரும்ப லிம். மண்ணிலே குச்சிகள் வரிசையாக நிற்கின்றன. நான் குனிந்து அவற்றைப் பார்த்துத்தான் சொல்லுகிறேன். இருந்தும் ஆறாம் குச்சிக்கு அங்காலே காலெடுத்து வைக்க முடியவில்லை. நாலாம் தடவை அவ போனில் என் காதுக்குள்ளேயே உரத்துக் கேட்டா. விளங்கவில்லை. போனை ரியாஸ் நானாவிடம் நீட்டிவிட்டேன்.

“எழுத்து எழுத்தா இங்கிலீசில சொல்லட்டாம்” என்றார் நானா.

எங்களிடம் இருந்தது தமிழ்ப் பேப்பர்.

“அப்ப தெரிஞ்ச அளவைச் சொல்லட்டாம், தான் பாக்கிறாவாம்.”

தவம் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். விசிலை வாயில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டார். “ஐஞ்சு நிமிசம் கூட எடு பிள்ளை. நான் பிந்தி ஊதுறன்.”

அந்த மனிதர் எட்டு வருடத்தில் ஒருநாள்கூடப் பிந்தி ஊதினதில்லை. அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“வேண்டாம் அண்ணை. அரைகுறையாச் சொல்லி வேற வருத்தத்தின்ர பேர் பதிஞ்சிட்டா? வேற டொக்டரிட்ட விட்டிடுவினம். வேற மருந்து குடுத்திடுவினம். அடுத்த கிழமை பைலோட வந்து சரியாச் சொல்லுவம்.”

ரியாஸ் நானா என்னையும் மலரையும் மாறி மாறிப் பார்த்தார். மலர், “ஆமா நானா, அக்கா சொல்றது சரிதான்” என்றாள். ஆமா என்றாள். நான் அதைக் கேட்டேன், கேட்டும் விட்டுவிட்டேன். நானா போனில் நன்றி சொல்லி வைத்தார். தவம் அண்ணை விசிலை நேரத்துக்கே ஊதினார்.

அடுத்த செவ்வாய் பைல் வந்தது, நானும் பத்துக்குப் பத்தாக வந்திருந்தேன். ரியாஸ் நானா போனை என்னிடம் நீட்ட, மலர் இடையில் கையை வைத்து வாங்கினாள். பைலை அவள் திறக்கவில்லை. பேப்பரையும் பார்க்கவில்லை. “லிம்” என்றாள். மூச்செடுத்தாள். “ஃபான்.” மூச்செடுத்தாள். “ஜி.” மூச்சு. “ஓ.” அவ்வளவுதான் சொன்னாள். அங்காலே இருந்த அம்மா அதற்குள்ளேயே விளங்கிக்கொண்டு ஏதோ சொல்ல, மலர் முகம் தெளிந்து போனை நானாவிடம் கொடுத்தாள்.

“எல், ஏ, எம் தானே எண்டு கேக்கிறா” என்றார் நானா. “அவையள் அப்பிடித்தானாம் சொல்லுறது. மூண்டு எழுத்து. ஒருத்தரும் முழுப் பேர் சொல்லுறேல்லையாம்.”

கலா சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

அந்த மாதத்து இடம் இரண்டும் முடிந்துவிட்டது. அடுத்தது ஏழு கிழமை கழித்து. நாலாம் கிழமை மலரின் மற்ற நுரையீரலும் சுருங்கியது. ரியாஸ் நானா அம்புலன்ஸ் எடுக்க அனுமதி கேட்டு நிற்கவில்லை. யாரோ ஒருவரின் வான் வண்டியைப் பிடித்து வவுனியாவுக்கு ஓட்டினார். ஏழு கிழமை முடிந்து கொழும்புக்குப் போனபோது மலர் ஒட்சிசன் போத்தலோடு போனாள். பெரிய வைத்தியர் ஒரு குளிசை எழுதினாராம். இன்னும் முதலே தொடங்கியிருந்தால் நல்லது என்று சொன்னாரா, எப்போது தொடங்கினாலும் இதுதான் என்று சொன்னாரா என்று நான் மலரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயம். அவளாக ஒருமுறை சொன்னாள்.

“அக்கா, நீங்க அந்த ஒரு கிழமையையே நினைச்சுக்கொண்டு இருக்கிறீங்க. எனக்கு இந்த வருத்தம் எத்தினை வருசமா உள்ளுக்க இருந்ததோ.”

“ஓம்” என்றேன்.

“நீங்க அதைப் பாடமாக்கினதுபோல ஒருத்தரும் எனக்காக ஒண்டும் பாடமாக்கினதில்லை.”

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். இத்தனை வருடமாகியும் இதில் நான் ஆறுதல் எடுக்கவில்லை. ஏழு கிழமைக்கும் மூன்று கிழமைக்கும் உள்ள வித்தியாசத்தை விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறேன். மகளுக்குக் காய்ச்சல் என்றால் டொக்டரிடம் அரைகுறையாக, பிழையாக, கையைக் காலைக் காட்டி, எப்படியாவது சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்தத் தென்னங்காணி துப்புரவாக்கி ஆட்களிடம் கொடுத்தாகிவிட்டது. இப்போது வீடுகள், கிணறுகள், புதுத் தென்னங்கன்றுகள். கொட்டில் நின்ற இடத்தில் யாரோ மரவள்ளி வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து எங்கள் பிரிவும் கலைந்தது. தவம் அண்ணை மகனோடு வெளிநாடு போய்விட்டார். கலா கலியாணம் கட்டி மன்னாரில். ரியாஸ் நானா கொஞ்ச நாள் முல்லைத்தீவில் மீன் லொறி ஓட்டினார். பிறகு பிள்ளைகளின் படிப்புக்கென்று புத்தளத்துக்கே திரும்பிவிட்டதாகக் கேள்வி. அந்தக் காலை பற்றிக் கதைக்க எனக்கு ஆளில்லை. மகளிடமும் சொல்லவில்லை. அவள் கை தட்டிப் படிக்கட்டும்.

மலர் வீட்டிலேதான் செத்தாள், ஒரு பின்னேரம், பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது. மரணப் பதிவுக்கு அவள் புருசனோடு நானும் போனேன். அவனுக்கு எழுத வராது. பதிகிறவர் வயசாளி, நல்ல மனிதர், எங்களை இருக்கச் சொன்னார்.

“என்ன வருத்தத்தில மோசம் போனவா?”

அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன். பதினொரு துண்டும், ஒரு மூச்சில், ஒரு பிழையில்லாமல்.

அவர் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டத்தைக் கண்ணால் அளந்தார். “அது எழுத இதில இடம் காணாது பிள்ளை” என்றார். கட்டத்துக்குள் ‘சுவாச நோய்’ என்று எழுதி, அவன் பெருவிரலை மையில் தொடச் சொன்னார்.

வெளியே வந்து சைக்கிளைத் திருப்பும்போது, ஆஸ்பத்திரிப் பைலைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். பிள்ளை பெரியவளானால் கேட்பாள், டொக்டர்மாரும் கேட்கலாம் என்றேன்.

“அது அவவின்ர உடுப்போட சேத்து எரிச்சாச்சு அக்கா” என்றான்.